அந்த வழக்கம் கற்பனை அல்ல

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் தூத்துக்குடி மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் பிறந்தவள். 2018 முதல் மால்டா தீவில், முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை செய்கிறேன். இரவுப் பணி முடிந்து அறைக்கு வந்ததும் தூக்கம் வரும்வரை போனில் உங்கள் பத்திரிகையைப் படிப்பேன். ஞாயிறு இணைப்பைத்தான் முதலில் திறப்பேன்.

சென்ற மாதம் அந்த இணைப்பில் ‘கார்மென்’ என்ற மால்டா படத்தைப் பற்றி ஆறு வரிக் குறிப்பு வந்திருந்தது. 50 வயதில் காதலிக்கும் ஒரு பெண்ணின் ஜாலியான கதை, வெயிலும் கடலும் கண்ணுக்கு விருந்து என்று எழுதியிருந்தீர்கள். அது சரிதான், படம் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதற்கு அடுத்த வரியில், பாதிரியாரான அண்ணனுக்குத் தங்கை ஆயுள் முழுக்கப் பணிவிடை செய்தாக வேண்டும் என்ற ‘விநோதமான கற்பனை வழக்கம்’ சிரிப்புக்கு உதவியிருக்கிறது என்று இருந்தது. அந்தக் ‘கற்பனை’ என்ற ஒரு சொல்லுக்காகத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். அப்படி வாழ்ந்த ஒருவரை நான் நான்கு வருஷம் குளிப்பாட்டி, தலை சீவி, சோறு ஊட்டியிருக்கிறேன்.

படம் பார்க்காத வாசகர்களுக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1980களில் மால்டாவின் ஒரு கிராமம். கார்மென் 16 வயதிலிருந்து அண்ணனுக்குச் சமைத்து, துவைத்து, கோயிலைப் பெருக்கிக் காலம் கழித்தவள். அண்ணன் அந்த ஊர்ச் சாமியார். அவர் திடீரென்று இறந்துபோகிறார். வீடு கோயிலுக்குச் சொந்தம், அதனால் அவளுக்கு இனி அங்கே இடமில்லை. போக்கிடம் இல்லாமல் கோயிலுக்குள்ளேயே ஒளிந்து தங்குகிறாள். செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் அவள் உட்கார்ந்திருக்கும்போது, உள்ளே சாமியார் இருப்பதாக நினைத்து ஊர்ப் பெண்கள் வந்து மனத்தைக் கொட்டுகிறார்கள். இவளும் பதில் சொல்ல ஆரம்பிக்கிறாள். யார் வீட்டுச் சண்டை யாரால் வந்தது, யாருக்கு யார் மேல் ஆசை, எவளுடைய புருஷன் எதை மறைக்கிறான் என்று ஊரின் உறவுகள் எல்லாம் அந்தச் சின்ன மரக்கதவு வழியாக அவளிடம் வந்து சேர்கின்றன. காதல் அதற்கு அப்புறம்தான் வருகிறது. எழுதி இயக்கியவர் வலேரி புஹாஜியார். மால்டாவில் பிறந்து, சிறு வயதிலேயே கனடாவுக்குப் போனவர். தன் குடும்பத்திலேயே இப்படி வாழ்ந்த ஒரு பெண்மணியை வைத்துத்தான் இந்தக் கதையை எழுதியதாக அவரே சொல்லியிருக்கிறார்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று எங்கள் இல்லத்துக்குப் பூசை வைக்க வருகிற சாமியாரிடம் கேட்டேன். அவர் கி.பி. 325க்கே போய்விட்டார். அந்த வருஷம் நிசேயாவில் கூடிய திருச்சபையின் பொதுச்சங்கம், குருக்கள் வீட்டில் வேற்றுப் பெண்கள் தங்கக்கூடாது என்று தடை போட்டதாம். அம்மா, சகோதரி, அத்தை சித்தி போன்றவர்களுக்கு மட்டும் விலக்கு. பெண்ணே இல்லாத வீட்டில் சமைப்பது யார், துவைப்பது யார் என்ற கேள்விக்கு அந்த விலக்குதான் பல நூற்றாண்டுகளுக்குப் பதிலாக இருந்திருக்கிறது. மால்டா மொத்தமே 316 சதுர கிலோமீட்டர். அதற்குள் 350க்கு மேல் கோயில்கள். வருஷத்தின் ஒவ்வொரு நாளைக்கும் ஒரு கோயில் என்று இங்கே சொல்வார்கள். அத்தனை கோயிலுக்கும் சாமியார்கள் இருந்தார்கள் என்றால், அந்தச் சாமியார்களுக்கு அம்மாக்களும் தங்கைகளும் இருந்தார்கள்.

நான் பார்த்துக்கொண்ட பாட்டியின் பெயரையும் ஊரையும் எழுத மாட்டேன். இல்லத்தில் அதற்கு விதி உண்டு. விதி இல்லாவிட்டாலும் எழுத மாட்டேன். மால்டீஸ் மொழியில் பாட்டியை ‘நன்னா’ என்பார்கள், நாங்களும் அவரை அப்படித்தான் கூப்பிட்டோம். 1932ல் பிறந்தவர். அண்ணன் அவரைவிட 7 வயது மூத்தவர். அண்ணன் குருப்பட்டம் பெற்ற முதல் சில வருஷம் அவருடைய வீட்டை அம்மா பார்த்துக்கொண்டார். அம்மா இறந்தபோது நன்னாவுக்கு வயது 23. துக்கம் முடிந்த மறுவாரம் அம்மாவின் ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டாராம்.

“யார் உங்களைப் போகச் சொன்னது நன்னா?” என்று கேட்டேன். நான் அரைகுறையாகக் கற்ற மால்டீஸும் அவருக்குத் தெரிந்த கொஞ்சம் ஆங்கிலமுமாகத்தான் பேசிக்கொள்வோம். “யாரும் சொல்லவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்” என்றார். அதற்குமேல் விளக்கவில்லை. படத்தில் இது ஏதோ எழுதி வைத்த சட்டம் மாதிரி வரும். நன்னா சொன்னதை வைத்துப் பார்த்தால், எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

கூடப் பிறந்த அண்ணனைச் சமையலறையில்கூட ‘துன்’ என்ற பட்டத்தோடு சேர்த்துத்தான் கூப்பிடுவாராம். மால்டாவில் பங்குச் சாமியார்களின் பெயருக்கு முன்னால் வருகிற பட்டம் அது. சின்ன வயதில் அவர் முதுகில் ஏறி விளையாடியவர், அவர் பட்டம் பெற்ற நாளிலிருந்து பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சாப்பிடும்போது கூட உட்கார்ந்ததும் இல்லை.

அவருடைய வேலைகளைக் கேட்டால் நம் ஊர்க் கோயில்களைத் தெரிந்தவர்களுக்குப் புரியும். அண்ணனின் வெள்ளை அங்கிக்குக் கஞ்சி போட வேண்டும். பீடத் துணிகளுக்கு ஓரம் பின்ன வேண்டும். திருக்கிண்ணம் துடைத்த துணியை அலசுகிற முதல் தண்ணீர் சாக்கடைக்குப் போகக்கூடாது, மண்ணில்தான் ஊற்ற வேண்டும். நன்னா அதை முற்றத்து எலுமிச்சை மரத்தின் தூரில் ஊற்றுவாராம். அந்த மரம்போலக் காய்த்த மரம் அந்தத் தெருவில் கிடையாது என்று பல தடவை சொல்லியிருக்கிறார். கடைசி இரண்டு வருஷம் அவருக்கு நினைவு பிசகிவிட்டது. சாப்பாட்டு மேசையில் காகித நாப்கின் வைத்தால் உடனே எடுத்து விரிப்பார். நீளவாக்கில் மூன்றாக மடிப்பார், பிறகு குறுக்கே மூன்றாக மடிப்பார். விரித்தால் சரியாக ஒன்பது கட்டம் இருக்கும். பீடத்தில் அப்பத்துக்கும் கிண்ணத்துக்கும் அடியில் விரிக்கிற துகிலை அப்படித்தான் மடிக்க வேண்டும். மடித்து முடிக்கும்வரை ஸ்பூனைத் தொட மாட்டார். புதிதாக வேலைக்கு வந்த பெண்கள் அவசரத்தில் பிடுங்கப் போவார்கள். வேண்டாம், முடிக்கட்டும் என்று நான் தடுத்துவிடுவேன்.

இங்கே பிள்ளைக்கு ஒரு வயது முடிந்ததும் ‘குச்சீயா’ என்று ஒரு சடங்கு வைப்பார்கள். ஒரு தட்டில் புத்தகம், பேனா, ஜெபமாலை, முட்டை, நூல் என்று பலதையும் பரப்பிக் குழந்தையைத் தவழவிடுவார்கள். எதை எடுக்கிறதோ அதுதான் அதன் எதிர்காலம். நன்னா நூல்கண்டை எடுத்தாராம். தையற்காரி ஆகிக் கை நிறையச் சம்பாதிப்பாள் என்று அவருடைய அப்பா சிரித்தாராம். தைக்கத்தான் செய்தார், 36 வருஷம். காசு வாங்கவில்லை. காசு வாங்காததால் அரசாங்கத்துக்குச் சந்தாவும் கட்டவில்லை. இங்கே சமூகப் பாதுகாப்புச் சந்தாவை ‘போல்லா’ என்பார்கள். அது இல்லாததால், வேலை செய்தவள் என்ற கணக்கில் அவருக்குப் பென்ஷன் இல்லை. அண்ணன் 1991ல் இறந்தார். அந்த வீடு குடும்பச் சொத்து என்பதால் கார்மெனைப்போல் அவர் தெருவுக்கு வரவில்லை. ஆனால் பங்கு பிரிந்தபோது இன்னோர் அண்ணனின் மகன் வீட்டு மாடி அறை ஒன்றுதான் அவருக்கு மிஞ்சியது. எலுமிச்சை மரம் யார் பங்கில் போனது என்று கேட்டேன். வெட்டிவிட்டு கராஜ் கட்டினார்களாம்.

2023ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தப் படத்தை அவரோடு உட்கார்ந்து பார்த்தேன். அப்போது அவருக்கு நினைவு தெளிவும் மங்கலுமாக மாறிமாறி இருந்தது. அன்று நல்ல நாள். படம் ஓட ஓட அவர் சிரித்தார். நான் எதிர்பார்க்காத இடங்களில் எல்லாம் சிரித்தார். பாவசங்கீர்த்தனக் கூண்டுக் காட்சி வந்தபோது மட்டும் எனக்கு உள்ளுக்குள் நெருடியது. நான் கத்தோலிக்கப் பெண். அந்தக் கூண்டுக்குள் சொல்லப்படுவது கடவுளுக்குச் சொல்லப்படுவது, அதைக் கேட்கிற அதிகாரம் குருவுக்கு மட்டும்தான் என்று படித்து வளர்ந்தவள். ஒரு பெண் உள்ளே உட்கார்ந்து கேட்பதை வேடிக்கையாகக் காட்டலாமா என்று இருந்தது. சரி, நன்னாவும் முகம் சுளிப்பார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். அவர் திரையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே, “எங்கள் வீட்டில் சமையலறைக் கதவு” என்றார்.

அது என்னவென்று புரிய எனக்கு இரண்டு மூன்று நாள் ஆனது. துண்டு துண்டாகச் சொன்னார். முன்வாசல் ‘துன்’னைப் பார்க்க வருகிறவர்களுக்கு. பின்பக்கத்துச் சமையலறைக் கதவுக்கு வருகிற பெண்கள் இவரிடம் வருகிறவர்கள். முட்டை கொண்டுவந்தேன், சட்டையில் பொத்தான் தைக்க வேண்டும் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு வருவார்கள். புருஷன் அடிப்பதை, மாமியார் பேசுவதை, நாள் தள்ளிப்போனதை எல்லாம் அங்கே நின்று சொல்வார்கள். எதை அண்ணன் காதில் போடலாம், எதைத் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று இவர் முடிவு செய்வார். அண்ணனிடம் சொல்லும்போதும் பெயரைச் சொல்லாமல் சொல்வாராம்.

அதிகம் பேர் வந்தது எந்தக் காலத்தில் என்று கேட்டேன். 1961ஐச் சொன்னார். அந்த வருஷங்களின் கதை நம் வாசகர்களுக்குப் புதிதாக இருக்கும். டாம் மின்டோஃபின் தொழிற்கட்சிக்கும் பேராயர் கோன்ஸிக்கும் மோதல் முற்றி, கட்சியின் நிர்வாகிகள் கோயில் சடங்குகளில் பங்குபெறத் திருச்சபை தடை விதித்தது. கட்சிப் பத்திரிகையைப் படிப்பதும் விற்பதும் சாவான பாவம், அதாவது ஆன்மாவை நரகத்துக்கு அனுப்புகிற பெரிய பாவம். 1962 தேர்தலில் அந்தக் கட்சிக்கு வாக்களிப்பதும் சாவான பாவம். கட்சிக்காரர்களுக்குப் பாவமன்னிப்பு மறுக்கப்பட்டது. அவர்கள் வீட்டுக் கல்யாணங்கள் பீடத்தின் முன்னால் நடக்காமல், சாமியார் பூசைக்கு உடை மாற்றுகிற பின்னறையில் மணி ஓசை இல்லாமல் நடந்தன. செத்தவர்களை அடோலோராட்டா கல்லறைத் தோட்டத்தில் மந்திரிக்கப்படாத ஒரு மூலையில் புதைத்தார்கள். அந்த மூலையை ‘மிஸ்ப்லா’, அதாவது குப்பைமேடு என்று இன்றும் சொல்கிறார்கள். 1969ல்தான் இரு தரப்பும் சமாதானம் ஆனது.

அந்த வருஷங்களில் புருஷன் தொழிற்கட்சிக்காரன் என்பதற்காகக் கூண்டுக்கு வர பயந்த பெண்கள் நன்னாவின் சமையலறைக் கதவுக்கு வந்தார்கள். மன்னிப்புக் கொடுக்க இவருக்கு அதிகாரம் இல்லை. அதை அந்தப் பெண்களும் அறிவார்கள், இவரும் அறிவார். “அப்புறம் என்ன செய்வீர்கள்?” என்றேன். “உட்காரச் சொல்வேன். காபி போடுவேன். கேட்பேன்” என்றார். அண்ணனுக்குத் தெரியுமா என்றதற்கு, காபித்தூள் அவ்வளவு சீக்கிரம் தீர்ந்தது அவருக்குத் தெரியும், ஏன் என்று அவர் கேட்டதே இல்லை என்றார்.

இதைக் கேட்டபிறகு அந்தக் காட்சி எனக்கு வேறாகத் தெரிந்தது. இயக்குநர் கூண்டுக்குள் ஒரு பெண்ணை உட்கார வைத்தது கற்பனைதான். ஆனால் சாமியார் வீட்டில் இருக்கிற பெண்ணிடம் ஊர்ப் பெண்கள் வந்து பேசியது நடந்த விஷயம். அந்தக் காட்சி பற்றி என் நெருடல் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், பாவசங்கீர்த்தனம் ஒரு திருவருட்சாதனம், புனிதமான சடங்கு, அது எப்போதும் அப்படித்தான். படம் அதைக் கேலி செய்யவில்லை என்பது மட்டும் எனக்கு இப்போது தெளிவாகிவிட்டது.

கார்மென் அந்தப் பெண்களுக்குச் சொல்கிற புத்திமதிகள் இன்றைக்குச் சாதாரணமாகக் கேட்கும். கதை நடக்கிற காலத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். 1982ல் அகதா பார்பரா என்ற பெண்மணி மால்டாவின் குடியரசுத் தலைவராகவே ஆனார். 1947லேயே பாராளுமன்றத்துக்குப் போன முதல் பெண்ணும் அவர்தான். ஆனால் அதே தீவில் 1993ல் சட்டம் திருத்தப்படும்வரை குடும்பத்தின் தலைவர் புருஷன்தான். விவாகரத்து என்பதே சட்டத்தில் இல்லை. அது 2011 மே மாதம் நடந்த பொதுவாக்கெடுப்புக்குப் பிறகுதான் வந்தது. ஆதரவு 53 சதவீதம் மட்டுமே. ஐரோப்பிய ஒன்றியத்தில் விவாகரத்து இல்லாத கடைசி நாடாக அதுவரை இருந்தது மால்டா. 1980களில் அந்தக் கூண்டின் முன் முழங்கால் போட்ட மனைவிக்குப் பொறுத்துப்போவதைத் தவிர வேறு வழியைச் சட்டமும் எளிதில் காட்டவில்லை, கோயிலும் காட்டவில்லை. அவளிடம் ‘உனக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்கிற ஒரு குரல் எவ்வளவு பெரிது என்பதை உங்கள் குறிப்பில் ஒரு வரியாவது சொல்லியிருக்கலாம்.

படத்தில் எனக்கு ஒரு குறையும் உண்டு. கார்மெனாக நடித்த நடாஷா மெக்கல்ஹோன் இங்கிலாந்துக்காரர். நன்றாகத்தான் நடித்திருக்கிறார், அந்த முகத்தில் ஒரு வயதான சிறுமி தெரிகிறாள். ஆனால் படத்தில் பெரும்பாலும் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள். 1980களில் ஒரு மால்டா கிராமத்தில் சாமியாரின் தங்கையும் பக்கத்து வீட்டுக்காரியும் ஆங்கிலத்திலா பேசிக்கொண்டிருப்பார்கள்? நன்னாவே, “இவர்கள் எல்லாரும் ஏன் டீச்சர் மாதிரிப் பேசுகிறார்கள்?” என்று கேட்டார். மால்டீஸ் அரபு வழியில் வந்து லத்தீன் எழுத்தில் எழுதப்படுகிற மொழி. இந்தக் கத்தோலிக்கர்கள் கடவுளை ‘அல்லா’ என்றுதான் அழைக்கிறார்கள். தவக்காலத்துக்குப் பெயர் ‘ரன்டான்’, ரமலானிலிருந்து வந்த சொல். அந்த மொழியில் அந்தப் பெண்கள் பாவத்தைச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். ‘கார்மென்’ வந்த அதே 2021ல் வந்த ‘லுட்ஸு’ படம் பெரும்பாலும் மால்டீஸ் பேசுகிறது. அதில் நாயகனாக வருகிறவர் நிஜ மீனவர். வலையும் மரப்படகும் விட்டுப்போகிற கதை. எங்கள் ஊர்க்காரர்கள் அதைப் பார்த்தால் இரவு தூங்க மாட்டார்கள். உங்கள் இணைப்பில் அதற்கும் இடம் கொடுங்கள்.

எங்கள் ஊரில் சின்ன வயதில் பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் வாசிக்கும்போது, பவுலின் கப்பல் உடைந்து கரை சேர்ந்த ‘மெலித்தா’ தீவு என்று ஓர் இடம் வரும். அந்த ஊரார் அந்நியர்களுக்குக் குளிர் காய நெருப்பு மூட்டிக் கொடுத்தார்கள் என்று இருக்கும். அதே மெலித்தாதான் இந்த மால்டா. நான் இங்கே வந்து சேர்ந்த முதல் மாசியில் எனக்குத் தன் கம்பளிச் சால்வையைக் கொடுத்தவர் நன்னா. போன வருஷம் ஜனவரியில் இறந்துவிட்டார். அடக்கப் பூசைக்கு அண்ணன் மகன் குடும்பமும், இல்லத்திலிருந்து நாங்கள் நான்கு பேரும் போனோம். அவரைத் தெரிந்த ஊர்ப் பெண்கள் பெரும்பாலும் அவருக்கு முன்பே போய்விட்டார்கள். மறையுரை சொன்னவர் நன்னாவை ‘துன்’ இன்னாரின் தங்கை என்று மூன்று தடவை குறிப்பிட்டார். அவர் பெயரை ஒரு தடவைதான் சொன்னார்.

அதனால்தான் கேட்கிறேன். திருத்தம் போடுவீர்களானால் இப்படிப் போடுங்கள்: ‘கார்மென்’ படத்தில் வருவது கற்பனை வழக்கம் அல்ல. மால்டாவில் குருக்களான சகோதரர்களுக்காகத் தங்கள் வாழ்நாளைக் கொடுத்த பெண்கள் உண்மையில் இருந்தார்கள். படக் குறிப்பு வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வந்தால் நல்லது. கடிதம் நீளமாகிவிட்டது, வெட்ட வேண்டி வந்தால் என்னைப் பற்றிய வரிகளை வெட்டிக்கொள்ளுங்கள். சமையலறைக் கதவைப் பற்றிய பகுதியை மட்டும் வெட்டாதீர்கள்.

வேலை இடத்து விதி காரணமாக என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மால்டாவிலிருந்து ஒரு வாசகி